நாலு மணிப் படகு

ஜனவரி 6

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கமாட்டேன். போன வாரம் போனில் நீங்கள் கத்திய கத்தலிலேயே தெம்பாக இருப்பது தெரிந்துவிட்டது. பாதிப் பேச்சில் போனை வைப்பது உங்களுக்குக் கைவந்த கலை என்பதால், இனி கடிதம்தான். இதையும் பாதியில் வைக்கலாம். ஆனால் மீதி அங்கேயே மேஜையில் கிடந்து உங்களை உறுத்தும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பையனும் உங்கள் பெண்ணும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. அவன் என் வீட்டில், அவள் வேலைக்கென்று எங்கோ ஒரு ஊர் ஹாஸ்டலில். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நேரில் பேசிப் பார்க்க இரண்டு பேரும் சம்மதித்திருக்கிறார்கள். ஹோட்டலில் உட்கார வைத்தால் மெனு கார்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அதனால் படகு என்று சொன்னேன். அது உங்கள் யோசனை என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. போகட்டும்.

நான் போனில் சொன்ன தீவில் ஒரு கேப்டன் இருக்கிறார். தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குப் படகு விடுகிறார். சாயங்காலம் கிளம்பி, இரவு நடுக்கடலில் நின்று, மறுநாள் மதியம் திரும்பும். அங்கே போன் எடுக்காது. கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் இடம் கிடையாது. எதையாவது பேசித்தானே ஆக வேண்டும்?

பிப்ரவரி இருபது. என் பையனின் விமானம் மதியம் இறங்கிவிடும். படகு நாலு மணிக்குக் கிளம்பும். அதற்குத் தோதாக உங்கள் பெண்ணுக்கு டிக்கெட் போடுங்கள். இன்னொன்று: நீங்களோ நானோ அந்தத் தீவில் கால் வைக்கக் கூடாது. இது அவர்கள் இரண்டு பேருமே கேட்டது.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அப்பா


ஜனவரி 11

சம்பந்திக்கு,

கடிதம் வந்தது. முழுசாகவே படித்தேன். பொழுது போகவில்லை.

தூண்டில் சாமான் கடை வைத்து இருபத்திரண்டு வருஷமாகப் பிழைக்கிறவளுக்குப் படகு என்றால் என்ன என்று நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். எங்கள் ஊரில் வேலை பார்த்த காலத்தில் உங்கள் பையன் என் கடைக்கு வந்த முதல் நாள் ரீலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அதில் தூண்டில் நரம்பு சுற்றக் கற்றுக்கொடுத்ததே என் பெண். அப்புறம் தினமும் வந்தான். ஒரு வருஷத்தில் அவன் வாங்கிய தூண்டில் முள்ளை வைத்து ஒரு கடலையே காலி பண்ணியிருக்கலாம். அவர்கள் சந்தோஷமாக இருந்த இடம் தண்ணீர் ஓரம்தான். அதனால் படகு என்பது என் யோசனை. இதில் சந்தேகமே வேண்டாம்.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். குளியலறைக் கதவில் அட்டவணை ஒட்டிய மாமனாரை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. யார் எப்போது குளிப்பது, யார் எப்போது அடுப்படிக்குள் வருவது, விளக்கை எப்போது அணைப்பது! பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தீர்கள், சரி. என் பெண் என்ன டவுன் பஸ்ஸா? அன்றைக்கு அவள் உங்கள் வீட்டிலிருந்து வந்தபோது கையில் பெட்டிகூட இல்லை. தூண்டில் ராடு மட்டும்தான் இருந்தது.

தீவுக்கு நான் வரமாட்டேன். உங்களைப் போல மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கில்லை. நாலு மணி என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்துக்கொள்கிறேன்.

பெண்ணின் அம்மா


ஜனவரி 18

சம்பந்தியம்மாவுக்கு,

அட்டவணை ஒட்டினேன், உண்மை. ஒரு குளியலறை, மூன்று பேர், மூன்று பேருக்கும் காலையில் அவசரம். அட்டவணை இல்லாவிட்டால் அடிதடிதான். அதில் உங்கள் பெண்ணுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருந்தேன். அதை அவள் சொன்னாளா?

உங்கள் போனைப் பற்றி நான் வாயைத் திறந்தேனா? காலையில் எழுந்தாயா என்று ஒரு போன். சாப்பிடப் போகிறாயா என்று ஒரு போன். சாப்பிட்டாயா என்று இன்னொரு போன். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் சமாதானம் ஆவதற்கு ஒரு மணி நேரமாவது விட வேண்டாமா? அதற்குள் நீங்கள் கூப்பிட்டுவிடுவீர்கள். அவள் அழுதுவிடுவாள். நீங்கள் "கிளம்பி வந்துடு" என்பீர்கள். கடைசியில் வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கடைக்கு வரவழைத்துக் கல்லாவில் உட்கார வைத்துக்கொண்டு, போன பெண்ணைத் திரும்பப் பிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தீர்கள்.

விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று இன்னும் எழுதவில்லை. துறைமுக வாசலில் ஒரு மணல் திட்டு இருக்கிறதாம். மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும்போதுதான் பெரிய படகு அதைத் தாண்டும். நாலு மணிக்குமேல் அந்த அளவுக்குத் தண்ணீர் இருக்காது. அதனால் நாலு என்றால் நாலு.

மாப்பிள்ளையின் அப்பா


ஜனவரி 24

சம்பந்திக்கு,

டிக்கெட் போட்டாயிற்று. என் பெண் மூன்றே முக்காலுக்கு இறங்குகிறாள். அங்கிருந்து படகுத்துறைக்கு டாக்ஸியில் அரை மணி. நிதானமாக வந்து சேர்ந்து, முகம் கழுவிக்கொண்டு, உங்கள் படகில் ஏறுவாள்.

பதறாதீர்கள். உங்கள் நாலு எனக்கு ஐந்து. எனக்குத் தெரியாதா உங்களை? கல்யாண வரவேற்புக்கு ஆறு மணி என்றீர்கள். நாங்கள் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றால் மண்டபம் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்து, "ஏழு மணிக்குத்தானேம்மா சொன்னாங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்கிறார். புடவை கசங்கிப்போய் என் தங்கைகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் ஏழு மணிக்குச் சாவகாசமாக வந்து, "டிரைவர்களுக்கு எப்பவும் முன்கூட்டியேதான் சொல்றது, அப்பதான் வண்டி நேரத்துக்கு எடுக்கும்" என்று சிரித்தீர்கள். எங்களை டிரைவர் ஆக்கிய அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இந்தத் தடவை உங்கள் கணக்கு என்னிடம் செல்லாது. என் பெண் பூட்டிய வாசலில் நிற்கமாட்டாள்.

பெண்ணின் அம்மா


ஜனவரி 29

அம்மா தாயே,

என்ன காரியம் செய்துவைத்திருக்கிறீர்கள்! நாலு மணி என்றால் இந்தத் தடவை நாலு மணியேதான். மாமனார், மைத்துனர், பால்காரர் எல்லாருக்கும் முன்கூட்டியே நேரம் சொல்லியே பழகியவன் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ள நேரத்தை உள்ளபடி எழுதினேன். விளையாட்டுக் காரியம் இல்லை, என் பையனின் வாழ்க்கை என்பதால் எழுதினேன். அந்த ஒரு தடவை பார்த்து நீங்கள் புத்திசாலியாகிவிட்டீர்கள்.

கேப்டனுக்குப் போன் போட்டேன். "சார், நான் வேணா காத்திருப்பேன், கடல் காத்திருக்காது. திட்டுல தட்டிச்சுன்னா மறுநாள் வரைக்கும் அங்கேயேதான் உட்காரணும்" என்கிறார். அடுத்த நாள் ஆகுமா என்றால் வேறு கூட்டம் பேசிவைத்திருக்கிறாராம். உடனே டிக்கெட்டை மாற்றுங்கள். காலையில் ஒரு விமானம் இருக்கிறது.

மாப்பிள்ளையின் அப்பா


பிப்ரவரி 4

சம்பந்திக்கு,

காலை விமானத்தில் இடம் இல்லை. மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டேன். தப்பு என்னுடையது என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். வாயைத் திறந்தால் பொய் நேரம் சொல்கிறவர் ஒரு நாள் நிஜத்தைச் சொன்னால், இது நிஜம் என்று மேலே எழுதி வைக்க வேண்டும்.

நானே கேப்டனிடம் பேசி வழி கண்டுபிடித்துவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெரிய படகை நாலு மணிக்குள்ள திட்டைத் தாண்டி வெளியில நிறுத்திடுறேன்மா. என் தம்பி பார்த்துப்பான். லேட்டா வர்றவங்களை நான் சின்னப் படகுல கூட்டிட்டுப் போய் ஏத்திடுறேன். சின்னதுக்கு முழங்கால் தண்ணி போதும். ஆமா, போன வாரம் ஒரு சார் என்னைப் பிடிச்சுக் கத்தினாரே, அவர் யாரு?" தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆக, உங்கள் பையன் படகில் போய் உட்கார்ந்து என் பெண்ணுக்காகக் காத்திருக்கட்டும். அவள் உங்கள் வீட்டில் இரண்டு வருஷம் காத்திருந்தாள். "அப்பா, அந்த அட்டவணையைக் கிழிச்சுப் போடுங்க" என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று. வரவே இல்லை.

பெண்ணின் அம்மா


பிப்ரவரி 10

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கிறேன். வேறு வழியில்லை என்பதால்தான். நன்றி சொல்லவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். என் பையன் இப்போது வீட்டில் பேசுவதில்லை. அட்டவணையை யாரும் கேட்காமலே நான் கழற்றிவிட்டேன். கழற்றியதை அவன் பார்க்கவில்லை. வேலையிலிருந்து வருகிறான், தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். அவன் அம்மா போன பிறகு எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். இவனை இப்படியே பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. இந்தப் படகு கெட்டால், கெடுத்தது நீங்கள்தான் என்று சாகிறவரைக்கும் சொல்வேன்.

நீங்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. சத்தியம் செய்து எழுதுங்கள். நான் செய்கிறேன்.

மாப்பிள்ளையின் அப்பா


பிப்ரவரி 14

சத்தியம். உங்கள் சத்தியத்தை நான் நம்பவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பெண்ணின் அம்மா


பிப்ரவரி 23

சம்பந்திக்கு,

வெட்கமாக இல்லையா உங்களுக்கு? தலையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பூப் போட்ட சட்டை! சுற்றுலா வந்தவர் என்று யாராவது ஏமாந்திருப்பார்கள் என்றா நினைத்தீர்கள்? நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படகுத்துறையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற மனிதரை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

நான் வந்தது வேறு விஷயம். என் பெண் வாந்தி மாத்திரையை மறந்துவிட்டாள். அதைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன். ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் நான் பாட்டுக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். நீங்கள்தான் தேடி வந்து, "சத்தியம் செஞ்ச வாயா இது?" என்று ஆரம்பித்தீர்கள். நீங்கள் மட்டும் என்ன, காற்று வாங்கவா வந்தீர்கள்?

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் நீங்கள் பேசியதற்குப் பதில். ரீலைத் தலைகீழாகப் பிடித்த கதையை நான் உரக்கச் சொன்னேன் என்றால், என் வளர்ப்பைப் பற்றி நீங்கள் அதைவிட உரக்கச் சொன்னீர்கள். வலையை மடித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உங்கள் பையன் நாலு மணிக்குப் பெரிய படகில் ஏறாமல் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அந்தக் கூத்து முழுவதையும் அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். என் பெண்ணின் டாக்ஸி வந்து நின்றதையும் நான் கவனிக்கவில்லை. அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெண்ணின் அம்மா


பிப்ரவரி 27

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நீங்கள் எனக்கு முன்னால் விரலை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் டாக்ஸி வந்து நின்றது. அவள் இறங்கினாள். நம்மைப் பார்த்தாள். அப்புறம் பெஞ்சில் இருந்த அவனைப் பார்த்தாள். அவன் எழுந்து போய் அவள் பையை வாங்கிக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். எட்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. நம்மைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் சம்பந்தியம்மா.

சின்னப் படகில் ஏறினார்கள். நான் ஓடினேன். நீங்களும் பின்னாலேயே மாத்திரையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தீர்கள். கேப்டன் நம்மைக் காட்டி, "இவங்களும் வர்றாங்களா?" என்று கேட்டார். என் பையன் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இல்லைங்க. ரெண்டு பேருதான். எடுங்க."

எனக்கு எதிராக அவன் சொன்ன முதல் வார்த்தை அது. நீங்கள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை. வாங்கிக்கொண்டீர்களா? திருப்திதானே?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் மதியம் படகு திரும்பியபோது அதில் அவர்கள் இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு துறையில் இறக்கிவிடச் சொல்லி இறங்கிக்கொண்டார்களாம். "நல்லா மீன் பிடிச்சாங்க சார், ராத்திரி பூரா பேசிட்டே இருந்தாங்க" என்கிறார் கேப்டன். என் பையன் வீட்டுக்கு வரவில்லை. ஆபீசில் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். போன் எடுக்கவில்லை. உங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருந்தால் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

மாப்பிள்ளையின் அப்பா


மார்ச் 3

சம்பந்திக்கு,

என் வீட்டில் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிறார்கள், நீங்கள் நாடகம் ஆடுகிறீர்கள் என்று நினைத்து உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். அவள் ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டாளாம். சாமான்களை எங்கே அனுப்பினாள் என்று அங்கே இருக்கிற பெண்ணுக்குத் தெரியும். என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறாள். "ஆன்ட்டி, அவங்க சேர்ந்துதான் இருக்காங்க. அதுக்குத்தானே நீங்க ஆசைப்பட்டீங்க?" என்று கேட்கிறாள்.

அதற்குத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் எனக்குத் தெரியாத ஊரில், எனக்குத் தெரியாத வீட்டில் அவர்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. எல்லாம் உங்களால் வந்தது. நீங்கள் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என் பெண் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்திருப்பாள்.

பெண்ணின் அம்மா


மார்ச் 9

சம்பந்தியம்மாவுக்கு,

திட்டுவதற்கு உங்களிடம் நிறைய இருக்கும். எனக்கும் இருக்கிறது. அது எங்கும் ஓடிப்போகாது.

அவன் போன் செய்யவில்லை. அவள் உங்களுக்குச் செய்தால், அவன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். இதைக் கேட்க எனக்கு இந்த உலகத்தில் உங்களைத் தவிர ஆள் இல்லை. என் தலையெழுத்து.

மாப்பிள்ளையின் அப்பா


மார்ச் 16

சம்பந்திக்கு,

நேற்று என் பெண் கூப்பிட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்காமல் அவள் சொல்வதைக் கேட்டேன். எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

"அம்மா, நாங்க நல்லா இருக்கோம். எங்கன்னு கேட்காதே. மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுறோம். ஆனா நீயும் மாமாவும் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கணும். ஒருத்தர் இல்லைன்னா பேசமாட்டோம். ஒருத்தர் கத்தினாலும் வச்சிடுவோம். உன்கிட்ட தனியா, அவர்கிட்ட தனியாப் பேசிப் பேசித்தான் எங்களுக்கு இந்தக் கதி. இனிமே அது கிடையாது."

மற்ற விவரங்களை ஒன்றிரண்டு வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என் பெண் என்னிடம் இப்படிப் பேசுவாள் என்று நான் நினைத்ததில்லை. உங்கள் பையன் சொல்லிக்கொடுத்திருப்பான். அல்லது அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே வாயாகப் பேசுகிறார்கள், எதை யார் சொன்னது என்று பிரிக்க முடியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை என் கடைக்குக் கூப்பிடுகிறார்களாம். நீங்கள் வர வேண்டும். உங்களை நான் அழைக்கவில்லை. அவர்கள் அழைக்கிறார்கள். வந்தால் உட்கார இடம் உண்டு. அதற்குமேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நான் உங்களை மன்னித்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

அவன் சாப்பிடுகிறானாம். பின்னால் அவன் குரல் கேட்டது. எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

பெண்ணின் அம்மா


மார்ச் 19

சம்பந்தியம்மாவுக்கு,

வருகிறேன். பஸ்ஸில் ஒரு இரவு உட்கார்ந்து வர வேண்டும். பரவாயில்லை.

என் நிபந்தனைகளையும் எழுதிவிடுகிறேன். நான் உங்கள் கடையில் எதையும் தொடமாட்டேன், நீங்கள் என் சட்டையைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. நீங்கள் என்ன சொன்னாலும் நான் கத்தமாட்டேன். நான் என்ன சொன்னாலும் நீங்களும் கத்தக் கூடாது. நமக்குள் பாக்கியிருக்கிற சண்டையை அவர்கள் போனை வைத்த பிறகு தெருவில் நின்று போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் உங்கள் பெண் பேசட்டும். பிறகு நீங்கள். கடைசியில் என் பையனிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் "அப்பா" என்றால் எனக்குப் பேச்சு வராது. நிச்சயம் அழுதுவிடுவேன். அப்போது நீங்கள் வைத்துவிடாமல், நான் இங்கேதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் அப்பா